‘யவன ராணி’: எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

குமுதம் இதழில் தொடராக வெளிவந்தபோது உங்கள் பாட்டிமார் வாரந்தோறும் காத்திருந்து படித்த கதை, சாண்டில்யனின் ‘யவன ராணி’. பின்னர் இரண்டு பாகங்களாக நூலுருப் பெற்று, இன்றும் விற்பனையாகிறது. காதல், கடற்பயணம், சோதிடம், யவன நாட்டு அழகி என யாவும் கலந்த இப்புதினத்தை மாணவியர் படிக்கலாமா என்று பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. தாராளமாகப் படிக்கலாம், ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். அவ்வாறு படித்தபோது எனக்கு மிஞ்சியது ஏமாற்றமே.

கரிகாற் சோழன் காலத்துப் புகாரில் கதை தொடங்குகிறது. படைத்தலைவன் இளஞ்செழியன் கடற்கரையில் யவனப் பெண்ணொருத்தியைக் காண்கிறான். தமிழகத்தில் அவள் யவன அரசை நிறுவுவாள் என்பது அவள் நாட்டுச் சோதிடர் வாக்கு. இளஞ்செழியனுக்கோ பூவழகி என்னும் காதலி ஏற்கெனவே இருக்கிறாள்.

வருவதுரைத்தல் கிரேக்கப் புராணங்களின் உயிர்நாடி. தந்தையைக் கொல்வாய் என்ற தெல்பி வாக்கைக் கேட்ட ஈடிபஸ், அதற்கு அஞ்சியே கொரிந்து நகரை விட்டு ஓடுகிறான். ஓடிய வழியிலேயே, யாரென்று அறியாமல், தன்னைப் பெற்றவனைக் கொன்றுவிடுகிறான். டிராய் நகரத்துக் கசாண்டிராவுக்கு வருவதெல்லாம் தெரியும். அவள் சொல்லை எவரும் நம்பமாட்டார் என்பது அப்போலோ இட்ட சாபம். அக்கதைகளில் வாக்கு மனிதரை உள்ளிருந்து வாட்டுகிறது. இங்கோ அது ராணியைக் கப்பலேற்றி அனுப்புவதோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் ஆசிரியரின் பேனா அவள் மனத்தைவிட அவள் மேனியழகையே அதிகம் சுற்றி வருகிறது. பக்கம் பக்கமாக வர்ணனை! (வர்ணனைகளைத் தாண்டிப் படிக்கும் வழக்கம் உங்கள் பாட்டிமாருக்கும் இருந்திருக்கலாம்.)

கி.மு. 431-இல் ஏதென்சில் மேடையேறிய யூரிபிடிசின் ‘மெதேயா’ நாடகத்தை நினைத்துப் பாருங்கள். அவளும் காதலுக்காகக் கடல் கடந்து வந்தவளே. ஆனால் அந்நிய மண்ணில் உற்றார் இன்றி நிற்கும் பெண்ணின் நிலை என்ன என்பதை அவள் தன் வாயாலேயே சொல்கிறாள். நம் யவன மங்கையைப் பெரும்பாலும் ‘ராணி’ என்றே அழைக்கிறார்கள். அவள் தாய் யார்? எந்தப் பாட்டைக் கேட்டு உறங்கினாள்? இவற்றை அறிய ஆசைப்பட்ட வாசகிக்குக் கிடைப்பது சொற்பம்.

குறை மட்டும் கூறுவது நியாயமாகாது. கடற்காட்சிகளில் நடை விறுவிறுப்படைகிறது. கதையில் வரும் ஹிப்பலாஸ் என்ற பெயர் கற்பனையன்று. பருவக்காற்றைப் பயன்படுத்தி நடுக்கடல் வழியே இந்தியாவுக்கு வரும் மார்க்கத்தைக் கண்டவன் என்று ‘பெரிப்ளூஸ்’ என்னும் பழைய கிரேக்கக் கடல்நூல் அப்பெயரைக் குறிப்பிடுகிறது.

யவனரைப் பற்றி நம் இலக்கியமும் பேசுகிறது. புறநானூறு அவர்கள் கொணர்ந்த மதுவைச் சொல்கிறது. முல்லைப்பாட்டு அவர்களை அரசன் பாசறையில் காவலராக நிறுத்துகிறது. புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் மேலைநாட்டு மட்கலங்கள் கிடைத்தன. காட்டாங்குளத்தூரில் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கினால், அருங்காட்சியகத்தில் ரோமானிய நாணயங்களைக் காணலாம்.

கதையின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. படித்து முடித்தவர்கள், புகாரிலிருந்து ராணி தன் தாய்க்கு எழுதும் கடிதம் ஒன்றை எழுதிக் காட்டுங்கள். ஒரு பக்கம் போதும். கூந்தலின் நிறத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.