எத்தனை அடி ஸ்னோ?

கனடாவில் புயல் என்று செய்தி ஓடியதுமே ஊரிலிருந்து தொலைபேசி வந்துவிடும். “எத்தனை அடி கொட்டியிருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி. டொராண்டோவில் இருபது வருடம் குப்பை கொட்டியவர்களும் இதே அளவுகோலோடுதான் திரிகிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் என்றால் அலட்சியம், ஐம்பது என்றால் பீதி, உடனே பால் வாங்க ஓட்டம். ஆனால் வட அமெரிக்காவில் பயணிகளை நடுத்தெருவில் நிறுத்திய நாள்களை எடுத்துப் பார்த்தால், ஸ்னோவின் உயரத்துக்கும் மனிதர்கள் பட்ட பாட்டுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இருப்பதில்லை.

2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்தது ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர். டொராண்டோவில் இதற்கெல்லாம் பள்ளிக்கூடம்கூட மூட மாட்டார்கள். அங்கே நடந்ததைக் கேளுங்கள். மத்தியானம் ஸ்னோ பிடித்துக்கொண்டதும் பள்ளிகள், அரசு அலுவலகங்கள், கம்பெனிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. உப்பு லாரிகள் வேலையைத் தொடங்குவதற்குள் சாலைகள் நிரம்பிவிட்டன. அப்புறம் லாரிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. ஆயிரக்கணக்கான டயர்கள் அழுத்தி அழுத்தி, இளகிய ஸ்னோ மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அரை மணி நேரத்தில் வீடு போய்ச் சேர வேண்டியவர்கள் பத்து மணி நேரம், பதினைந்து மணி நேரம் காருக்குள் இருந்தார்கள். பிள்ளைகள் இரவு முழுக்கப் பள்ளிக்கூடத்திலேயே படுத்தார்கள். 285 நெடுஞ்சாலையில் ஒரு குழந்தையே பிறந்தது.

வடக்கே இருப்பவர்கள் இதைக் கேட்டால், “தெற்கத்திக்காரனுக்கு ஸ்னோவில் ஓட்டத் தெரியாது” என்று சிரிப்பார்கள். நம்மவர்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வதுண்டு, ஏதோ யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் ஸ்னோவில் ஓட்டிப் பழகி வந்ததுபோல. அட்லாண்டாவை முடக்கியதில் ஓட்டுநரின் திறமைக்குப் பங்கு சிறிதுதான். அபூர்வமாக ஸ்னோ விழும் ஊர் நூற்றுக்கணக்கான லாரிகளை வாங்கி நிறுத்தி வைக்காது. போதாக்குறைக்கு, எல்லாரையும் ஒரே மணியில் சாலைக்கு அனுப்பினார்கள். டொராண்டோவிலும் உப்பு லாரிக்கு முன்னால் ஊரே கிளம்பினால் இதே கதிதான்.

சாதனம் இருந்தும் தப்பாத இடம் உண்டு. 2022 ஜனவரி 3 அன்று வர்ஜீனியாவில் முதலில் மழை பெய்தது. முன்கூட்டியே சாலையில் உப்புநீர் தெளித்து வைப்பது அங்கே வழக்கம். மழையோ அதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் தெளிக்கவில்லை. பிறகு மணிக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகத்தில் ஸ்னோ வந்தது. சரக்கு லாரிகள் சறுக்கிக் குறுக்கே நின்றன. ஐ-95 நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் அடைப்பு, பலருக்கு 24 மணி நேரத்துக்கும் கூடுதலான காத்திருப்பு. வாஷிங்டனுக்குப் போய்க்கொண்டிருந்த செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் காரில் கிடந்தார்.

இனி, ஸ்னோவே இல்லாமல் வரும் ஆபத்து. 2021 பிப்ரவரி 11 விடிகாலையில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பெய்தது வெறும் தூறல். மேலே இருக்கும் காற்று சற்று வெதுவெதுப்பாகவும் தரையை ஒட்டிய காற்று பூஜ்யத்துக்குக் கீழேயும் இருந்தால், துளி நீராகவே இறங்கி, தொட்ட இடத்தில் உறைந்துவிடும். ஐ-35டபிள்யூ சாலையில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ஒரு பகுதியில் 130-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றின் மேல் ஒன்று மோதின. ஆறு பேர் இறந்தார்கள். பாலமும் மேம்பாலமும் முதலில் உறைவதற்குக் காரணம், அடியிலும் குளிர்காற்று ஓடுவதுதான். மற்றச் சாலைக்கு மண்ணின் சூடு கொஞ்சம் கிடைக்கும், இதற்கு அதுவும் இல்லை. இந்த ஐஸ் கண்ணுக்குத் தெரியாது, ஈரத் தார் மாதிரியே இருக்கும். ஒரு குறிப்பு மட்டும் உண்டு: சாலை ஈரமாகத் தெரிந்தும் முன்னால் போகும் காரின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது தண்ணீர் இல்லை. பிரேக்கில் கால் வைக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

2013 டிசம்பரில் டொராண்டோவுக்கு வந்ததும் இப்படி உறையும் மழைதான். ஏறக்குறைய மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருளில் மூழ்கின. கிறிஸ்துமஸைக் குளிரில் கழித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வருடம் ஸ்னோ எத்தனை அடி என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

“குளிர் கூடக் கூடச் சாலை வழுக்கும்” என்பது அடுத்த தப்பெண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, உண்மை எதிர்ப்புறம். மைனஸ் 25-இல் ஐஸ் காய்ந்து கெட்டியாக இருக்கும், டயருக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். பூஜ்யத்தை ஒட்டிய மைனஸ் ஒன்று, இரண்டில்தான் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். ஆளையும் காரையும் கவிழ்ப்பது அதுதான். கடுங்குளிரின் தொல்லை வேறு வகை: உப்பு வேலை செய்யாது. மைனஸ் பத்தைத் தாண்டிக் கீழே போகப் போக உப்பு ஐஸைக் கரைக்கும் வேகம் குறைந்துகொண்டே வரும். மைனஸ் 21-க்குக் கீழே அடர்ந்த உப்புநீரே உறைந்துவிடும். அப்போது நகராட்சி மணலைத்தான் போடும். “உப்புக்குக் காசில்லாமல் மண்ணை அள்ளிக் கொட்டுகிறான்” என்று திட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

காற்றுக்குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. வானிலையில் “மைனஸ் 15, ஆனால் உணர்வது மைனஸ் 30” என்பார்கள். அந்த மைனஸ் 30 தோலுக்கு, காருக்கு இல்லை. காற்று எவ்வளவு அடித்தாலும் எஞ்சின் மைனஸ் 15-க்குக் கீழே குளிராது, அந்த நிலைக்குச் சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தில் முகம் திறந்து நிற்பவருக்கோ பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் தோல் உறையலாம்.

“நம்மகிட்ட நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருக்கு” என்கிற தைரியத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் உண்டு. பிடிப்பது டயர்தான். ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும், விண்டர் டயர் இளக்கமாகவே இருக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. நம்மில் பலர் அந்தக் கழிவைக் கேட்டு வாங்குவதே இல்லை.

“புயல் என்றால் அந்தப் பகுதி முழுக்கத்தானே” என்ற எண்ணம்தான் வார இறுதிப் பயணங்களைக் கெடுக்கிறது. பேரேரிகளைச் சுற்றி விழும் ஸ்னோவில் கணிசமான பங்கு ஏரியே தயாரிப்பது. உறையாத ஏரியின் மேல் கடுங்குளிர்க் காற்று ஓடும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு, மறுகரையில் கொட்டும். அது தோட்டத்துக் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மாதிரி ஒடுங்கிய பட்டையாக வரும், காற்று திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். 2014 நவம்பரில் பஃபலோ நகரின் தெற்குப் புறநகர்களில் ஐந்து அடிக்கு மேல் குவிந்தது. சில கிலோமீட்டர் வடக்கே ஒரு சாண்கூட இல்லை. நீல வானத்தின் கீழே நின்றுகொண்டு, தெற்கே வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து நிற்பதை ஆட்கள் படம் எடுத்தார்கள்.

டொராண்டோவும் ஏரிக்கரை ஊர்தானே, பின் ஏன் பஃபலோவில் விழுவதில் பாதிதான் இங்கே? திசைதான் காரணம். பெரும்பாலும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஈரி ஏரி நீளவாக்கில் கிடந்து, மொத்த ஈரத்தையும் தன் கிழக்கு முனையில் இருக்கும் பஃபலோவிடம் கொடுத்துவிடுகிறது. ஒன்டாரியோ ஏரியின் கொடை எதிர்க்கரைக்குப் போகிறது. ஆனால் டொராண்டோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஹூரன் ஏரியின், ஜார்ஜியன் விரிகுடாவின் பட்டைக்குள் நுழைந்துவிடுவீர்கள். 2024 நவம்பர் கடைசியில் மஸ்கோகாவின் கிரேவன்ஹர்ஸ்டில் ஒரு மீட்டருக்கு மேல் கொட்டி, 11-ஆம் நெடுஞ்சாலை மூடப்பட்டு, கார்கள் வரிசையாக மாட்டின. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வீட்டு முற்றத்தில் தரை தெரிகிறதே என்று மஸ்கோகாவுக்குக் கிளம்புவது இதனால்தான் ஆபத்து.

“பூமி சூடாகுது என்கிறான், இங்கே இப்படிக் கொட்டுது” என்ற கேலிக்கும் பதில் இந்த ஏரிக்குள்ளேயே இருக்கிறது. ஈரி ஆழமில்லாத ஏரி. அது உறைந்து மூடிக்கொண்டால் ஈரம் எழும்பாது, பஃபலோவுக்கும் நிம்மதி. தண்ணீர் சூடாக இருந்து உறைவது தள்ளிப்போனால், குழாய் கூடுதல் நாள் திறந்திருக்கும்.

இதே பஃபலோதான் 2022 கிறிஸ்துமஸில் வேறொரு பாடம் படித்தது. பனிப்புயல் எச்சரிக்கை என்றால் நிறைய ஸ்னோ விழப்போகிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கனடாவின் வானிலைத் துறை பார்ப்பது காற்றையும் பார்வைத் தூரத்தையும்தான்: மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று, 400 மீட்டருக்கு மேல் கண் தெரியாத நிலை, குறைந்தது நாலு மணி நேரம். நேற்று விழுந்த ஸ்னோவைக் காற்று கிளப்பினாலே போதும். பஃபலோவில் அந்த நிலை நாலு மணி நேரத்தில் முடியவில்லை, ஒரு நாளைத் தாண்டி நீடித்தது. டிசம்பர் 23 காலை 9.30-க்குத்தான் வாகனத் தடை அமலுக்கு வந்தது. அதற்குள் வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். போகாவிட்டால் சம்பளம் இல்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஸ்னோவில் புதைந்து நின்றன. ஈரி மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்: சிலர் காருக்குள், சிலர் தெருவில், சிலர் சூடில்லாத வீட்டில், சிலர் உதவி வந்து சேராமல்.

“மாட்டிக்கொண்டால் இறங்கி நடந்து உதவி தேடு” என்பது நல்ல மனதோடு சொல்லப்படும் கொலைகார யோசனை. கை நீட்டினால் விரல் தெரியாத காற்றில், ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. காரிலேயே இருங்கள். மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றி ஸ்னோவை வழித்துவிட்டு, ஒரு கண்ணாடியை விரலளவு இறக்கி வையுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே திரும்பும். அதற்கு மணமில்லை, தூக்கம்தான் வரும்.

கார் இல்லாதவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்படுவது, “சப்வே நிலத்துக்கு அடியில்தானே ஓடுகிறது”. முழுக்க அப்படி இல்லை. டொராண்டோவில் விக்டோரியா பார்க், வார்டன் நிலையங்களின் பக்கம் ரயில் வெளியேதான் ஓடுகிறது. மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் ஐஸ் பிடித்தால் ரயில் நிற்கும். ஸ்கார்பரோவுக்கென்று இருந்த மூன்றாம் தடம் ஸ்னோ நாள்களில் நிறுத்தப்படுவதற்கே பேர்போனது. 2023 ஜூலையில் தடம் புரண்டதோடு அதை மூடியும்விட்டார்கள். அந்தக் கூட்டம் முழுக்க இப்போது பஸ்ஸில். புயலுக்கு மறுநாள் காலை, சாலை வழித்த லாரி நடைபாதையோரம் ஒதுக்கிவிட்டுப் போன, உப்பும் அழுக்கும் கலந்து கல்லாய் இறுகிய இடுப்பளவு மேட்டின் மேல் ஏறி நின்று, ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸின் கம்பியை எட்டிப் பிடிக்கும் ஐம்பது வயது அக்காமார்களைப் பார்க்கலாம். தொலைக்காட்சி காட்டுவது நெடுஞ்சாலையை மட்டும்.

ஷிகாகோவில் தண்டவாளத்துக்குத் தீ வைத்து ரயில் ஓட்டுகிறார்கள் என்று 2019 ஜனவரியில் பரவிய படங்கள் இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகின்றன. எரிந்தது தண்டவாளம் இல்லை. தடம் பிரியும் இடங்களில் அசையும் பகுதி உறைந்துவிடாமலிருக்க, பக்கத்தில் வாயு அடுப்பு மாதிரி ஒன்றை எரிய வைத்திருப்பார்கள். மைனஸ் 30 குளிரில் அந்த நெருப்பு படத்துக்கு நன்றாக இருந்தது.

கடைசியாக, மார்கழி சீசனுக்குச் சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் சொல்லும் புகார்: “வானம் தெளிவாக இருக்கு, ஃப்ளைட்டை ரத்து பண்ணிட்டான், பொய் சொல்றான்.” குளிரால் விமானத்துக்குக் கெடுதல் இல்லை. குளிர்காற்று அடர்த்தியானது, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அது தோதுதான். சிக்கல் தரையில். இறக்கையில் ஐஸ் இருந்தால் எழும்பக்கூடாது. முதலில் ஆரஞ்சு நிறச் சூடான திரவத்தைப் பீய்ச்சி ஐஸைக் கழுவுவார்கள், பிறகு கெட்டியான பச்சைத் திரவத்தைப் பூசுவார்கள். அந்தப் பூச்சு குறிப்பிட்ட நேரம்தான் தாங்கும். வரிசையில் நிற்கும்போதே நேரம் கடந்தால் திரும்பப் போய்க் குளிக்க வேண்டும். உறையும் மழை கனத்தால் எந்தப் பூச்சும் தாங்காது, அத்தோடு புறப்பாடு நின்றுவிடும்.

அதற்காக எல்லா ரத்துக்கும் பழியை வானத்தின் மேல் போடவும் முடியாது. 2022 டிசம்பர் புயல் ஓய்ந்து மற்றவர்கள் பறக்கத் தொடங்கிய பிறகும், அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் விமானங்கள் பல நாள்கணக்கில் எழும்பவில்லை. விமானம் ஓரிடத்தில், ஓட்ட வேண்டியவர்கள் வேறிடத்தில். பணியாளர்களைப் பொருத்தும் ஏற்பாடே குலைந்து, 16,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தாகின. மறுவருடம் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஆகவே வீட்டு ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பதைவிட, உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் இந்த நேரத்தில் எந்த ஊரில் நிற்கிறது என்று பாருங்கள். பல நிறுவனங்களின் செயலியிலேயே அது தெரியும். அது வேறொரு புயலின் நடுவே நின்றுகொண்டிருந்தால், டாக்சிக்குச் சொல்வதற்கு முன் கம்பெனிக்குப் போன் போடுங்கள்.