தெருமுனைப் பூங்கா... செலவில்லாத வைத்தியம்!

'தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க!'

சர்க்கரைக்குப் போனாலும் சரி, ரத்தக் கொதிப்புக்குப் போனாலும் சரி, தூக்கம் வரவில்லை என்று போனாலும் சரி... டாக்டர் தவறாமல் சொல்லும் மருந்து இது. காசு கிடையாது, கசப்பு கிடையாது. ஆனால், வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்னையே ஆரம்பம். எங்கே போய் நடப்பது?

தெருவில் இறங்கினால் இரண்டு பக்கமும் கார்கள். நடைபாதையில் ஏறினால் எதிரே டிரான்ஸ்பார்மர். அதைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் பின்னாலிருந்து ஹாரன். சரி, மொட்டை மாடியே கதி என்று எட்டு போட ஆரம்பித்தால், நாலாவது நாள் அலுத்துவிடும். ஐந்தாவது நாள், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்!'

மருந்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? அது கிடைக்கிற கடையும் பக்கத்தில் இருக்க வேண்டாமா? வாக்கிங் என்ற மருந்து கிடைக்கும் கடைதான் பூங்கா!

'எங்க ஏரியாவில் அவ்வளவு பெரிய பூங்காவெல்லாம் கிடையாதே...' என்கிறீர்களா? பெரிய பூங்கா இருந்தால் நல்லதுதான். ஆனால், தெருவில் குப்பை மண்டிக் கிடக்கும் ஒரு காலி மனையைப் பச்சையாக்கினாலே போதும், சுற்றியிருக்கிறவர்களின் மனசு மாறுகிறது. அமெரிக்காவில் ஒரு நகரத்தில் இதை முறைப்படி சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

குலுக்கல் முறையில் ஒரு சோதனை

அந்த நகரம், பிலடெல்பியா. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 1950-ல் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வர, வேலை தேடி ஜனங்கள் வெளியேற, 2000-ல் மக்கள்தொகை சுமார் 15 லட்சமாகக் குறைந்துவிட்டது. வீடுகள் பாழடைந்து விழுந்தன, இடிக்கப்பட்டன. ஊர் முழுக்கப் பல்லாயிரக்கணக்கான காலி மனைகள்! அவற்றில் பழைய டயர், உடைந்த கண்ணாடி, முள்செடி, போதைப் பொருள் விற்பவர்கள்... தினமும் அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போயாக வேண்டும்.

பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் என்கிற அமைப்பு இந்த மனைகளைச் சுத்தம் செய்து பச்சையாக்கும் வேலையில் இறங்கியது. 'இதனால் ஜனங்களுடைய ஆரோக்கியத்துக்கு நிஜமாகவே ஏதாவது லாபம் உண்டா?' என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதிக்க முடிவு செய்தார்கள்.

மொத்தம் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டார்கள். புது மருந்தைச் சோதிக்கும்போது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிப்பார்கள் அல்லவா, அதேபோல மனைகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் குப்பையை அள்ளி, தரையைச் சமன்படுத்தி, புல் விதைத்து, சில மரக்கன்றுகள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். இரண்டாவது பிரிவில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவது பிரிவை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அக்கம்பக்கத்தில் வசித்த 342 பேரிடம் இதற்கு முன்பும் பின்பும் அவர்களுடைய மனநிலை பற்றிக் கேட்டார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. பச்சையாக்கிய மனைகளுக்கு அருகில் இருந்தவர்களில், 'மனசு சோர்ந்து போயிருக்கிறது' என்று சொல்வது, அப்படியே விட்ட மனைகளின் பக்கத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்திருந்தது. ஏழைகள் அதிகம் வசித்த பகுதிகளில் இன்னும் அதிகம்... 68.7 சதவீதம்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் மனநிலையில் குறிப்பிட்டுச் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை. வெறும் சுத்தம் போதவில்லை, பச்சையும் தேவைப்பட்டிருக்கிறது.

செலவு? ஒரு மனைக்குச் சுமார் 1,600 டாலர். அப்புறம் பராமரிக்க வருஷத்துக்குச் சுமார் 180 டாலர். அமெரிக்கக் கணக்கில் இது ரொம்பவும் சொற்பம்.

(ஒரு எச்சரிக்கை: இது ஜனங்கள் தாங்களே சொன்ன பதில்களை வைத்துப் போட்ட கணக்கு. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 'பூங்காவுக்குப் போகிறேனே' என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.)

பயம் போனால் பாதி நோய் போகும்

இதே மனைகளைப் பற்றி 2018-ல் இன்னொரு ஆய்வும் வந்தது. மனைகளைச் சீர்படுத்திய இடங்களில், பத்திரம் இல்லையே என்று வெளியே போகப் பயப்படுவது சுமார் 58 சதவீதம் குறைந்தது. வெளியே உட்கார்ந்து பேசிப் பழகுவது சுமார் 76 சதவீதம் கூடியது. ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கிக் குற்றங்கள்கூட 29 சதவீதம் குறைந்தன.

'நம்ம ஊரில் துப்பாக்கிக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பயம் இங்கேயும் வேறு ரூபத்தில் இருக்கிறதே! இருட்டின பிறகு காலி மனைப் பக்கம் பெண்களைத் தனியாக அனுப்புகிறோமா? தெருநாய்க்குப் பயந்து வீட்டோடு கிடக்கும் பாட்டிகள் எத்தனை பேர்? வெளியே வராவிட்டால் நடை இல்லை. நடை இல்லாவிட்டால் கால் பலம் குறைகிறது. பேச ஆளில்லாமல் மனசும் வாடுகிறது.

ஆகவே, உங்கள் பூங்காவுக்கு ஒரு சின்ன டெஸ்ட் வையுங்கள். ஒரு பெண் தனியாக வந்து, பெஞ்சில் பத்து நிமிஷம் நிம்மதியாக உட்கார முடிகிறதா? முடிந்தால் அது நல்ல பூங்கா. முடியாவிட்டால் விளக்கு எங்கே குறைகிறது, எந்தப் புதர் பார்வையை மறைக்கிறது என்று பாருங்கள். பிலடெல்பியாவில் வேலியைத் தாழ்வாகப் போட்டதால்தான் தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தது.

பார்த்தாலே பலன் உண்டா?

நடக்க முடியாதவர்கள் என்ன செய்வது? ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தால்கூடப் பலன் உண்டு என்கிறது 1984-ல் வெளிவந்த ரோஜர் உல்ரிச்சின் ஆய்வு. அதே பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார் அவர். பாதிப் பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டிருந்தன.

வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் யாராவது இருக்கிறார்களா? கட்டிலைச் சுவர்ப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் நகர்த்திப் போடுங்கள். இன்றைக்கே செய்யலாம்.

குழந்தையின் கண்ணுக்கும்...

சீனாவில் குவாங்சோ நகரத்தில், முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நாட்களில் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளியில் இருக்கும்படி ஏற்பாடு செய்து, மூன்று வருஷம் கவனித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. கூடுதல் நேரம் வெளியே இருந்தவர்களில் 30.4 சதவீதம் பேருக்குத்தான்!

வெளியில் கிடைக்கும் வெளிச்சம்தான் காரணம் என்பது நிபுணர்களின் கருத்து. மரநிழலில் இருக்கிற வெளிச்சம்கூட நம் வீட்டு ஹாலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதற்காகக் குழந்தையை வெயிலில் நிறுத்த வேண்டாம். நிழலில் ஓடியாட விட்டாலே போதும். 'டியூஷன் இருக்கே' என்று இழுக்காதீர்கள். டியூஷனுக்கு முன்னால் 40 நிமிஷம் ஒதுக்க முடியாதா என்ன?

எவ்வளவு நேரம்?

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் திரட்டிய விவரங்கள் 2019-ல் வெளியாயின. பூங்கா, கடற்கரை, தோப்பு என்று வாரத்துக்கு மொத்தம் 120 நிமிஷமாவது வெளியில் செலவழிப்பவர்கள், 'உடம்பும் மனசும் நன்றாக இருக்கின்றன' என்று சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே நாளில் போனாலும் சரி, நாலைந்து நாளாகப் பிரித்துப் போனாலும் சரி, வித்தியாசம் இல்லை.

இது குறைந்தபட்ச அளவு. உடற்பயிற்சி என்று பார்த்தால், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது ஓரளவு வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வந்துவிடும். வேகம் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

போகும் முன் கவனிக்க...

1. சர்க்கரை நோயாளிகள் புல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. காலைப் பிடிக்காத ஷூவும் காட்டன் சாக்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்வது அவசியம். படபடப்பும் வியர்வையும் வந்தால் உடனே உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

2. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கவும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல் வந்தால், 'இந்த ரவுண்டை முடிச்சுடலாம்' என்று நினைக்காதீர்கள். உடனே நிறுத்துங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள்.

3. டெங்கு கொசு பகலில் கடிக்கும். முக்கியமாகக் காலையிலும் சூரியன் சாயும் நேரத்திலும், அதாவது நாம் வாக்கிங் போகிற அதே நேரத்தில்! முழுக்கை, முழுக்கால் உடை நல்லது. பூங்காவில் தண்ணீர் தேங்கிய தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் கப் கண்ணில் பட்டால் கவிழ்த்துக் கொட்டுங்கள்.

4. ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் பார்த்தீனியம் செடி இருக்கிற மூலைப் பக்கம் போக வேண்டாம். அழகுக்காக எங்கே பார்த்தாலும் வைத்த கோனோகார்பஸ் மரமும் அலர்ஜியைத் தூண்டுவதாகப் புகார் உண்டு. குஜராத் அரசு 2023-லும் தமிழக அரசு 2025-லும் அதற்குத் தடை விதித்தன.

5. வயதானவர்கள் பெயர்ந்த டைல்ஸ், பாசி படிந்த பாதையைத் தவிர்க்கவும். அந்த வயதில் ஒரு தடவை விழுந்தால் இடுப்பு எலும்பு உடையலாம்.

6. கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும்.

உங்கள் தெருவில் இடம் இருக்கிறதா?

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தைப் பிரித்து மனை போட்டால், சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி, உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்று ஆபீஸ்களில் சொல்வது இதைத்தான்.

உங்கள் காலனி லே-அவுட் பிளானை எடுத்துப் பாருங்கள். 'பூங்கா' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறதா? அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? கட்டிட இடிபாடு கொட்டியிருக்கிறார்களா? யாராவது ஷெட் போட்டிருக்கிறார்களா? கவுன்சிலரிடமும் மாநகராட்சியிடமும் எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கவே இருக்கிறது. தனி ஆளாகப் போவதைவிடப் பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் மதிப்பே வேறு!

இடம் கிடைத்ததும் நீரூற்று, சிலை, கலர் விளக்கு என்று ஆசைப்பட்டு நிற்க வேண்டாம். பிலடெல்பியாவில் செய்தது என்ன? குப்பையை அகற்றினார்கள். தரையைச் சமமாக்கினார்கள். புல்லும் சில மரங்களும் வைத்தார்கள். தாழ்வான வேலி போட்டார்கள். மாதம் தவறாமல் பராமரித்தார்கள். நமக்கு வேம்பு, புங்கை, பூவரசு இருக்கவே இருக்கின்றன. இரண்டு பெஞ்சும் ஒரு விளக்கும் போட்டால் ஆயிற்று.

ஏற்கெனவே பூங்கா உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆனால், கேட்டில் 'பந்து விளையாடக் கூடாது' போர்டு தொங்குகிறதா? பெரியவர்கள் நடக்க ஒரு நேரம், பிள்ளைகள் ஆட ஒரு மூலை என்று நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். பிள்ளைகளை விரட்டிவிட்டு நாம் மட்டும் நடக்கிற பூங்காவில் பாதி மருந்து வீணாகிறது.

இன்று மாலை டி.வி.யைப் போடும் முன், பாட்டிக்கு ஒரு கை, பேரனுக்கு ஒரு கை கொடுத்து அழைத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்களேன். பூங்கா இருந்தால் ஒரு ரவுண்டு நடக்கலாம். இல்லாவிட்டால், எங்கே வரலாம் என்று பார்த்துவிட்டு வரலாம்!