பாஸ் மீனுக்குச் சொன்ன ராடு விராலுக்கு ஆகுமா?

ஃபைனல் இயர் வந்துட்டா ஆளுக்கு ஒரு கிறுக்கு பிடிக்கும். என் ரூம்மேட்டுக்கு ஜிம், பக்கத்து ரூம்காரனுக்கு ஷேர் மார்க்கெட், எனக்குத் தூண்டில். இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் வந்த அன்னைக்கு ராத்திரி வரிசையா பாஸ் ஃபிஷிங் வீடியோவா பார்த்துட்டு, 1,850 ரூபாய்க்கு ஒரு ராடு-ரீல் காம்போ ஆர்டர் போட்டேன். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போன மூணாவது நாளே ராடு ரெண்டா உடைஞ்சது. பணம் போனதை விட மோசமான ஒண்ணும் அன்னைக்கு நடந்தது. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல, நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாம இருக்க என்ன தெரிஞ்சிருக்கணும்னு பார்ப்போம். பயப்படாதீங்க, செகண்ட் இயர் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் ஞாபகம் இருந்தாலே போதும்.

முதல் குழப்பம் பேரிலேயே இருக்கு. நெட்ல ராடு, ரீல் பற்றி வர்றதுல பாதிக்கு மேல லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனுக்காகச் சொன்னது. அது வட அமெரிக்காவின் நன்னீர் மீன், நம்ம ஏரி குளத்து மீன் இல்லை. நம்ம மார்க்கெட்டில் சீ பாஸ்னு விக்கிறாங்களே, அது கொடுவா. அது வேற குடும்பம். பாஸ் மீனுக்கு அங்கே இருக்கிற மவுசு சும்மா இல்லை. 1932-ல் ஜார்ஜ் பெர்ரி ஜார்ஜியா மாநிலத்தில் பிடிச்ச சுமார் 10 கிலோ மீன்தான் உலக சாதனை. 77 வருஷம் கழிச்சு 2009-ல், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செஞ்சார். ஒரே ஒரு மீன் வகைக்காக ஒரு பெரிய தொழிலே வளர்ந்திருக்கு. அந்தத் தொழில் செஞ்ச சாமான்தான் இப்போ நம்ம ஊர் வரைக்கும் வந்து, விரால் பிடிக்கப் பயன்படுது.

விராலும் பாஸும் ஒரு விஷயத்தில் ஒண்ணு. ரெண்டுமே பாசி, செடி மறைவில் பதுங்கி இருந்து பாயுற மீன். அதனால பாஸுக்குச் செஞ்ச ரப்பர் தவளை விராலுக்கும் பிரமாதமா வேலை செய்யும். ஆனா பாஸ் வாயை அகலமாத் திறந்து இரையைத் தண்ணியோட சேர்த்து உறிஞ்சும். விரால் பல்லு வெச்சுக் கவ்வும். அதோட தாடை எலும்பு கெட்டி. முள் அதுக்குள்ள இறங்கணும்னா பலம் வேணும். கீழே வர்ற எல்லாத்துக்கும் இந்த ஒரு வித்தியாசம்தான் அடிப்படை.

ராடு: வளைவு எங்கே?

ராடில் கைப்பிடிக்கு மேல சின்ன எழுத்துல நாலஞ்சு விஷயம் அச்சடிச்சிருக்கும். நான் கலரை மட்டும் பார்த்து வாங்கினவன். நீங்க அதைப் படிங்க. பவர், ஆக்‌ஷன்னு ரெண்டு வார்த்தை இருக்கும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சா மாட்டிப்பீங்க. பவர்னா எவ்வளவு பாரத்துக்கு ராடு வளையும் என்பது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவின்னு போகும். ஆக்‌ஷன்னா எந்த இடத்துல வளையும் என்பது. ஃபாஸ்ட்னா நுனிப் பக்கம் மட்டும் வளையும், மாடரேட்னா நடு வரைக்கும், ஸ்லோன்னா கைப்பிடி வரைக்கும்.

ராடு ஒரு கேன்டிலீவர் பீம். கையில் ஒரு முனை ஃபிக்ஸட், நுனியில் லோட். நுனி நோக்கி விட்டம் குறைஞ்சுக்கிட்டே போற ட்யூப். விட்டத்தின் நாலாம் அடுக்குல மொமென்ட் ஆஃப் இனர்ஷியா மாறுறதால, விட்டம் எப்படிக் குறையுதுன்னு கம்பெனிக்காரன் கொஞ்சம் மாத்தினாலே ஆக்‌ஷன் மொத்தமா மாறிடும். எக்ஸாமுக்கு மனப்பாடம் செஞ்சு மறந்த ஃபார்முலா கையில் வளையுறதைப் பார்க்கும்போது வர்ற சந்தோஷமே தனி.

எதுக்கு எது? மூணு முள் சேர்ந்த ட்ரெபிள் ஹூக் தொங்குற கிராங்க்பெய்ட் மாதிரி லூருக்கு மாடரேட் ஆக்‌ஷன் நல்லது. முள் மெல்லிசு, லேசா மாட்டியிருக்கும். ராடு வளைஞ்சு கொடுத்தாதான் வாய் கிழியாது. ரப்பர் தவளைக்கு நேர் எதிர். தடிச்ச ரெட்டை முள், கெட்டித் தாடை, நடுவுல பாசி. மீடியம் ஹெவி அல்லது ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஆறரை முதல் ஏழு அடி. நான் வாங்கினது மீடியம் பவர் டெலஸ்கோபிக். பையில் மடிச்சு வைக்க வசதி, அவ்வளவுதான். அதில் ஒவ்வொரு துண்டும் அடுத்ததை உராய்வால மட்டும் பிடிச்சு நிக்குது. ஜாயின்ட் எத்தனையோ, பலவீனம் அத்தனை. பஸ்ஸில் கொண்டு போகணும்னா ரெண்டு துண்டு ராடு வாங்குங்க.

இன்னொரு ஏமாற்று: 24 டன், 30 டன் கார்பன்னு போட்டிருக்கும். கடைக்காரர் என்கிட்ட 30 டன் வெயிட் தாங்கும்னே சொன்னார்! அது வலிமை இல்லை மக்களே, மாடுலஸ். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 24 டன்னா கிட்டத்தட்ட 235 கிகாபாஸ்கல். எண் கூடக்கூட அதே விறைப்புக்கு மெட்டீரியல் குறைவாப் போதும், ராடு எடை குறையும், ஆனா சுவரும் மெலியும். கல்லுல ஒரு தட்டு பட்டாலே விரிசல். காரமான கையும் கரடுமுரடான கரையும் இருக்கிற நமக்கு 24 டன்னோ, கிளாஸ் கலந்ததோதான் சரி. EEE பசங்களுக்கு ஒரு வார்த்தை: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வயல் ஓரத்துல தாழ்ந்து தொங்குற கம்பி இருந்தா, ஏழு அடி ராடைத் தூக்குறதுக்கு முன்னாடி மேல பாருங்க. இடி மின்னல்னா மூட்டை கட்டிடுங்க.

ரீல்: எண்ணை நம்பாதீங்க

ஸ்பின்னிங், பெய்ட்காஸ்டர்னு ரெண்டு ஜாதி. ஸ்பின்னிங்ல வீசும்போது ஸ்பூல் சுத்தாது, தங்கூசி அதோட விளிம்பு வழியா உருவிக்கிட்டுப் போகும். பெய்ட்காஸ்டர்ல ஸ்பூலே சுத்தும். லூர் காத்துல வேகம் குறைஞ்ச பிறகும் ஸ்பூல் இனர்ஷியாவால சுத்திக்கிட்டே இருந்தா, உள்ளே குருவிக் கூடு மாதிரி ஒரு சிக்கல் விழும். அதை அவிழ்க்கிற நேரத்துல ஒரு அரியரே கிளியர் பண்ணிடலாம். இதைத் தடுக்க மேக்னெட் பிரேக் வெச்சிருப்பாங்க. அலுமினிய ஸ்பூல் காந்தம் பக்கத்துல சுத்தும்போது எடி கரண்ட் உருவாகி அதையே தடுக்கும். வேகம் கூடினா தடை கூடும், நின்னா தடையே இல்லை. லென்ஸ் விதி குளக்கரையில வேலை செய்யுது. பெய்ட்காஸ்டர் வாங்கினா லூரைத் தொங்கவிட்டு பட்டனை அமுக்குங்க. மெதுவா இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிக்கிற மாதிரி டென்ஷன் குமிழைத் திருகி வையுங்க. லூர் மாத்தினா திரும்பச் செய்யணும்.

முதல் ரீலுக்கு என் ஓட்டு ஸ்பின்னிங்தான். கியர் ரேஷியோ 7.1 இருந்தாதான் வேகம், 5.2 ஸ்லோன்னு நண்பர்கள் சொல்வாங்க. கணக்குப் போடுங்க. ஒரு சுத்துக்கு உள்ளே வர்ற நீளம், பை பெருக்கல் ஸ்பூல் விட்டம் பெருக்கல் ரேஷியோ. பெய்ட்காஸ்டர்ல 32 மி.மீ. விட்டம், 7.1 ரேஷியோன்னா சுமார் 71 செ.மீ. ஸ்பின்னிங்ல 45 மி.மீ. விட்டம், 5.2 ரேஷியோன்னா 73 செ.மீ. எது ஸ்லோ?

டிராக் விஷயத்துல மட்டும் சோம்பல் வேண்டாம். மீன் இழுத்தா எவ்வளவு விசையில் ஸ்பூல் விட்டுக்கொடுக்கணும்னு தீர்மானிக்கிறது அதுதான். லைன் தாங்கும் எடையில் கால் பங்குன்னு ஆரம்பிங்க. 30 பவுண்டுன்னா 13.6 கிலோ, அதுல கால் பங்கு 3.4 கிலோ. சூட்கேஸ் எடை பார்க்கிற டிஜிட்டல் தராசைத் தங்கூசியில மாட்டி இழுத்தா சரியாத் தெரியும். டிராக் கொடுக்கிறது டார்க். அதனால லைன் வெளியே போகப்போக ஸ்பூல்ல ஆரம் குறைஞ்சு, இழுவிசை தானா ஏறும். பாசிக்குள்ள விரால் புகுந்தா இன்னும் இறுக்கணும். அங்கே விட்டுக்கொடுத்தா மீன் செடியில சுத்திக்கும்.

தங்கூசி பற்றி ஒரே பத்தி. நைலான் அறுகிற நிலை வர்றதுக்குள்ள ஏறக்குறைய கால் பங்கு நீளும். 15 மீட்டர் தூரத்துல விரால் கவ்வும்போது நீங்க சுண்டுற சுண்டு நைலான்லயே கரைஞ்சிடும், முள் தாடையில இறங்காது. தவளைக்குப் பின்னல் லைன்தான் வேணும். 30 முதல் 50 பவுண்டு, நேரா தவளையிலயே கட்டுங்க. அடியில் கொஞ்சம் நைலான் சுத்திட்டு அதுமேல சுத்தலைன்னா, பின்னல் லைன் மொத்தமா ஸ்பூல்ல வழுக்கும். டிராக் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு ரீலைக் கழட்டினவன் எழுதுறேன்.

தவளைக்கு ஆபரேஷன்

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான். லூர் ஆரம்பத்துல வீட்டுச் சமாச்சாரம். பின்லாந்து மீனவர் லாரி ராப்பாலா 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுத்தி வந்த தகட்டை ஒட்டி, ஃபோட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசித்தான் தன் முதல் லூரைச் செஞ்சார். அதை நினைச்சா ஹாஸ்டல் ரூம்ல கத்தரியோட உட்கார வெட்கமே வராது.

புதுத் தவளையோட ரப்பர் கால் ரொம்ப நீளமா இருக்கும். ஒரு காலை இன்னொண்ணை விட ஒரு சென்டிமீட்டர் குட்டையா வெட்டுங்க, சின்னச் சின்னதா சுண்டும்போது இடமும் வலமுமா நடக்கும். முழுசா வெட்டிடாதீங்க, வெட்டினது ஒட்டாது. லேசா இருந்து தூரம் போகலைன்னா, வயித்துக்குள்ள சைக்கிள் பால்ஸ் ரெண்டு போடுங்க. எடையும் வரும், சத்தமும் வரும். வால் பக்கமா போட்டாதான் மூக்கு மேல நிக்கும். முள் நுனி உடம்போட ஒட்டி இருந்தா இடுக்கியால ஒரு நூலளவு வெளியே வளைங்க. அதிகமானா பாசியைத்தான் பிடிப்பீங்க. முள்ளோட எதிர்க்கொக்கியை இடுக்கியால நசுக்கிடுங்க. லைன் தளராம வெச்சிருந்தா மீன் தப்பாது, விடணும்னா ஒரு நொடியில விடலாம். உங்க விரலுக்கும் அதே நியாயம்.

ராடு வளையங்கள்ல பஞ்சு விட்டு உருவிப் பாருங்க. பஞ்சு மாட்டினா உள்ளே இருக்கிற செராமிக் வெடிச்சிருக்கு, அது பின்னல் லைனை அறுத்துடும்.

இப்போ அந்தத் தீபாவளிக் கதை. ஏரியில் மதகுக்குப் பக்கத்துல, தண்ணிமேல செவப்பா ஏதோ கொதிக்கிற மாதிரி இருந்தது. விரால் குஞ்சுக் கூட்டம். தாயும் தகப்பனும் கீழேயே காவல் இருக்கும், பக்கத்துல எது விழுந்தாலும் பசிக்கு இல்லை, கோபத்துல அடிக்கும். வீடியோவுல அதைத்தான் ஈஸியான ஸ்பாட்னு காட்டியிருந்தான். நடுவுல போட்டேன். முதல் வீச்சுலயே அடி. ராடை நட்டுக்குத்தலா தலைக்கு மேல தூக்கினேன். அப்படித் தூக்கினா மொத்த லோடும் நுனித் துண்டுக்கே போகும். ராடைத் தாழ்த்தி அடிப்பகுதியால இழுத்திருக்கணும். ரெண்டாவது ஜாயின்ட்ல படார். உடைஞ்ச விளிம்பு லைனை அறுத்தது. மீன் தவளையைக் கவ்வினபடியே, ஏழெட்டு மீட்டர் பின்னல் லைனோட அல்லிக்குள்ள போயிடுச்சு. எதிர்க்கொக்கி நசுக்காத முள். பின்னல் லைன் மக்காது.

சித்தப்பா மூங்கில் கழியில் தூண்டில் போடுறவர். அவர்தான் குத்தகைக்காரர்கிட்ட எனக்காகக் கேட்டுக் கூட்டிட்டுப் போனவர். அவர் ஒண்ணும் திட்டலை. "குஞ்சு வெச்சிருந்துச்சேடா" என்று மட்டும் சொன்னார். மூணாம் நாள் போய்ப் பார்த்தேன். அந்தச் செவப்பு கால்வாசிகூட இல்லை. சுத்தி கெண்டை, கெளுத்தி எல்லாம் புரண்டுக்கிட்டு இருந்தது.

பொங்கலுக்குப் போனப்ப, ரெண்டு துண்டு மீடியம் ஹெவி, 40 பவுண்டு பின்னல் லைன், நானே கால் வெட்டின தவளை. கலுங்குப் பக்கம் ஆகாயத்தாமரை ஓரமா நடக்க விட்டேன். தண்ணி வெடிச்சது. உடனே சுண்டாம, லைன் இறுகுற வரைக்கும் ஒரு நொடி பொறுத்தேன். ஒன்றேகால் கிலோ இருக்கும். சித்தப்பா ராடை வாங்கி வளைச்சுப் பார்த்துட்டு, விலையைக் கேட்டார். பாதியைச் சொன்னேன். அதுக்கே தலையில அடிச்சுக்கிட்டார். திரும்பும்போது மதகுகிட்ட மறுபடி ஒரு செவப்புக் கூட்டம். நான் தவளையைக் கழட்டி டப்பாவுல போட்டேன். "சரி வா, அந்தக் கோடிக்குப் போய்ப் போடலாம்"னு அவர் முன்னாடி நடந்தார்.