வாசிக்கத் தெரியாதவருக்கும் வேலை உண்டு

கேள்வி: அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்களில் தொண்டர்கள் உண்டாமே? வாத்தியம் தெரியாதவர் அங்கே என்ன செய்வார்?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: நிறையச் செய்வார். டிக்கெட் வசூல் மட்டும் அங்கே செலவுக்குக் கட்டாது. நன்கொடை திரட்டியே தீர வேண்டும். 1900-இல் தொடங்கிய பிலடெல்ஃபியா இசைக்குழுவுக்காக 1904-லேயே அவ்வூர்ப் பெண்கள் குழு அமைத்துக் களமிறங்கினார்கள். பாஸ்டன் சிம்பொனி அரங்கைச் சுற்றிக் காட்டுவோரும் தொண்டர்களே.

எனக்கு வியப்பு, பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவோடு பாடும் டாங்கிள்வுட் விழாப் பாடகர் குழுதான். 1970-இல் ஜான் ஆலிவர் தொடங்கியது. குரல் தேர்வில் தேறினால்தான் இடம், சம்பளமோ கிடையாது. (சும்மா பாடுவதற்கும் தேர்வா என்று கேட்காதீர்கள், பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியைப் பாட வேண்டுமே!)

உங்கள் உறவினர் யாரேனும் பாஸ்டனில் இருந்தால், அரங்கைச் சுற்றிக் காட்டும் வேலையில் தொடங்கச் சொல்லுங்கள்.