மோதிர விரலுக்கு வந்த பயிற்சி

கேள்வி: டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த முதல் நாளே 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே' என்று பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்கிறார்கள். இந்தப் பயிற்சி எப்படித் தோன்றியது? கணினியில் தட்டச்சு கற்கும் மாணவர்களுக்கு வீட்டில் கூடுதல் பயிற்சியாக இதையே கொடுக்கலாமா?

பதில்: ரெமிங்டன் கம்பெனி 1874-ல் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, எந்த விரலால் எந்த எழுத்தை அடிப்பது என்று யாரும் வகுத்து வைக்கவில்லை. வாங்கியவர்கள் இரண்டு மூன்று விரல்களால் தேடித் தேடி அடித்தார்கள். போதாக்குறைக்கு, அந்தப் பொறியில் எழுத்துகள் உருளையின் அடிப்பக்கத்தில் பதியும். அடித்தது சரியா தப்பா என்று பார்க்க உருளையைத் தாங்கும் கேரியேஜைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்பித்துவந்த லாங்லி என்ற பெண்மணி 1882-ல் ஒரு பாடப்புத்தகம் வெளியிட்டார். எட்டு விரல்களுக்கும் விசைகளைப் பங்கு பிரித்துக் கொடுத்த முறை அது. எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பியானோ வாசித்துப் பழகாத மோதிர விரலைத் தட்டச்சுக்குப் பழக்குவது வீண் வேலை என்று 1887-ல் ஒரு சுருக்கெழுத்து இதழ் எழுதியது. மறு ஆண்டு, ஜூலை 25 அன்று, அதே சின்சினாட்டியில் ஒரு போட்டி நடந்தது. சால்ட் லேக் சிட்டியின் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஃபிராங்க் மெக்கரின் விசைகளைப் பார்க்காமலே ரெமிங்டனில் அடித்தார். எதிரே லூயி டிராப், பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசை வைத்த காலிகிராஃப் பொறியோடு உட்கார்ந்திருந்தார். சொல்லச் சொல்ல அடிப்பது 45 நிமிடம், பார்த்துப் படியெடுப்பது 45 நிமிடம். இரண்டிலும் மெக்கரினே வென்றார். பார்க்காமல் அடிக்கும் முறை பரவியதில் அந்த வெற்றிக்குப் பெரிய பங்கு உண்டு.

பக்கம் பக்கமாக அடிக்கும் அந்த வரியின் வேலை என்ன என்பது இந்தக் கதையிலிருந்தே தெரிகிறது. சொன்ன பேச்சைக் கேட்காத மோதிர விரலையும் சுண்டு விரலையும் வேலைக்குப் பழக்குவது, கண்ணின் துணையில்லாமல் விரல்கள் நடுவரிசைக்குத் திரும்பப் பழகுவது, இவ்வளவுதான். முதல் சில வாரங்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் கூடுதல் பயிற்சி என்றால் அதே வரியை இன்னும் பத்துப் பக்கம் அடிப்பது என்ற வழக்கத்தை நான் ஏற்கவில்லை. தேர்ந்த தட்டச்சாளரின் விரல் கற்றுவைத்திருப்பது தனி எழுத்துகளின் இருப்பிடத்தை அல்ல. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், சராசரியாக நிமிடத்துக்கு 72 சொற்கள் அடித்தவர்களிடம் எழுத்தில்லாத விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15-ஐத்தான் சரியாக நிரப்ப முடிந்தது. உளவியலாளர் திமோதி சால்ட்ஹவுஸ் 1980-களில் தொகுத்துச் சொன்ன முடிவு இன்னும் முக்கியம். வாக்கியத்தின் சொற்களைக் குலைத்துப் போட்டாலும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது; சொல்லையே உடைத்து எழுத்துகளை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டால் தேர்ந்தவரின் வேகமும் சரிகிறது. அப்படியானால் விரலில் படிவது சொல்லும் சொல்லின் துண்டுகளும்தான். பயிற்சியும் அவற்றைக் கொண்டே அமைய வேண்டும்.

தமிழில் கற்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஆங்கிலத்தின் செமிகோலன் இருக்கும் இடத்தில் 'ந', எல் இருக்கும் இடத்தில் 'த'. இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் புள்ளி தானாக விழுந்து 'ந்த' என்று வந்துவிடும். வலக்கைச் சுண்டு விரல், உடனே மோதிர விரல். ஆங்கிலத்தில் செமிகோலனை ஒட்டி எல் வரும் சொல்லே கிடையாது. தமிழிலோ அந்த, இந்த, வந்த, இருந்த என்று பத்தி முழுக்க இதே ஜோடி. 'ண்ட'வுக்கும் மேல்வரிசையில் அதே இரண்டு விரல்கள்தான். ஆகவே ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் தேர்வு தேறிய மாணவர் தமிழில் தடுமாறினால் அது சோம்பல் அல்ல. 'ந்த' போன்ற ஜோடியைச் சொற்களுக்குள் அடித்து அவர் விரலுக்குப் பழக்கமில்லை. கொண்டு, கண்டு, வேண்டும், முந்திய, தந்தை என்று இருபது சொற்களை எழுதிக்கொடுங்கள். தப்பு விழும் ஜோடியைக் குறித்துவைத்து, மறுநாள் அந்த ஜோடி வரும் சொற்களை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் தாள் வேறாக இருக்கும். ஆசிரியருக்கு இது கூடுதல் வேலை என்பதை மறுக்கவில்லை, ஆனால் பத்துப் பக்கத் தாளைத் திருத்துவதைவிடக் குறைவான வேலை.

எவ்வளவு நேரம் என்பதற்கும் சான்று உண்டு. பிரிட்டிஷ் தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்பித்து பேட்லி, லாங்மேன் இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள் விசைப்பலகையைக் கற்க மொத்தம் சுமார் 35 மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு சுமார் 50 மணி நேரம் தேவைப்பட்டது. தேர்வு நெருங்குகிறதே, நாள் கணக்குத்தானே முக்கியம் என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான்கு மணி நேரக்காரர்கள் மூன்று வாரத்துக்குள் முடித்தார்கள், ஒரு மணி நேரக்காரர்களுக்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரக்காரர்களுக்குத்தான் பயிற்சித் திட்டத்தில் திருப்தியும் குறைவு, மற்றவர்களைவிடப் பின்தங்குவதாகத் தோன்றியதால். அவசரம் உண்மையிலேயே இருந்தால் கூடுதல் நேரம் உட்காரட்டும். ஆனால் ஆண்டு முழுவதும் கையில் இருக்கும் பள்ளி மாணவரை ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்காரவைப்பதற்கு அந்தச் சாக்கு இல்லை.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. முறையாகக் கற்காமல் ஆறு விரலில் பறப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் 2016-ல் விரலசைவுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, தாமாகக் கற்றவர்களில் சிலர் முறைப்படி கற்றவர்களுக்கு ஈடான வேகத்தில் அடித்தது தெரிந்தது. ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே விரலைப் பயன்படுத்துவதுதான் அவர்களிடம் கண்ட பொது அம்சம். ஆனால் முறைப்படி கற்றவர்கள் விசைப்பலகையைக் குனிந்து பார்ப்பது குறைவு. பார்த்துப் படியெடுப்பவருக்கும், திரையில் பிழை விழுந்ததும் கவனிக்க வேண்டியவருக்கும் இது பெரிய வித்தியாசம். ஆகவே முதல் வாரங்களின் வரியை நான் கைவிடச் சொல்லவில்லை.

வேர்ட் பிராசஸிங்கிலும் இதே குழப்பம் உண்டு. ஐந்து பக்கக் கட்டுரையை அப்படியே அடித்து வா என்பது தட்டச்சுப் பயிற்சிதான், வேர்ட் பிராசஸிங் அல்ல. தட்டச்சுப் பொறியில் தலைப்பை நடுவில் கொண்டுவர, காகிதத்தின் மையத்திலிருந்து இரண்டு எழுத்துக்கு ஒரு முறை பேக்ஸ்பேஸ் தட்டிப் பின்னால் போவார்கள். அந்தப் பொறிக்கு அது சரியான கணக்கு. கணினியில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவுக்குத் தள்ளும் மாணவருக்கு, எழுத்தின் அளவை மாற்றியதும் எல்லாம் கலைந்துபோகும். அவருக்குத் தர வேண்டியது ஏற்கெனவே அடித்துவைத்த ஒரு பக்க விண்ணப்பம். தலைப்பு ஸ்பேஸால் தள்ளப்பட்டிருக்கட்டும், பத்திகளுக்கு நடுவே நான்கு என்டர், பட்டியல் ஸ்பேஸால் வரிசைப்படுத்தியது. ஒரு எழுத்தும் புதிதாக அடிக்காமல் அதைச் சீர்செய்யச் சொல்லுங்கள். தலைப்பை நடுவில் நிறுத்தும் கன்ட்ரோலோடு ஈ, டேப், டேபிள் மூன்றும் அந்த ஒரு பக்கத்திலேயே பழகிவிடும்.