வானலையும் தெருக் கம்பியும்

நிலநடுக்கோட்டிற்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துணைக்கோளை நிறுத்தினால், பூமியோடு ஒத்துச் சுற்றும் அது நமக்கு அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அங்கிருந்து பாயும் அலைக்கு நாட்டெல்லை தெரியாது. அப்படியானால் அயல்நாட்டுத் தொலைக்காட்சியைச் சட்டம் எந்த இடத்தில் பிடிக்கிறது? இந்த ஐயமே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

1990 ஏப்ரலில் சீன ராக்கெட் ஒன்று ஆசியாசாட்-1 என்னும் துணைக்கோளைச் செலுத்தியது. அதன் வரலாறு சுவையானது. 1984-இல் வெஸ்டார்-6 என்ற பெயரில் அமெரிக்க விண்வெளி ஓடத்திலிருந்து விடப்பட்டு, உந்துபொறி பழுதானதால் வழிதவறி வீணே சுற்றி, அதே ஆண்டு நவம்பரில் விண்வெளி வீரர்கள் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்த கோள்தான் அது! செப்பனிட்டு விற்றார்கள். அதன் வழியே 1991-இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி இந்தியாவுக்குள் வந்தது.

அந்த அலையின் அதிர்வெண் சுமார் 4 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். அத்தனை தொலைவு கடந்து மெலிந்து வரும் அலையைக் குவிக்கச் சில மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் வேண்டும். ஒரு வீட்டார் வாங்கக்கூடியதா அது? ஆகவே தெருவுக்கு ஒருவர் மொட்டை மாடியில் கிண்ணத்தை நிறுத்தி வீடுவீடாகக் கம்பி இழுத்தார். கேபிள்காரரைப் பெற்றெடுத்தது அலைநீளம்தான் என்பேன்.

சட்டமும் அவரைத்தான் பிடித்தது. 1994 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 1995-இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. கேபிள்காரர் அன்று தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. தூர்தர்ஷன் அலைவரிசைகள் இரண்டையேனும் காட்ட வேண்டியிருந்தது. நிகழ்ச்சி நெறியையும் விளம்பர நெறியையும் மீறலாகாது. மீறினால் முதல் முறை ஈராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இங்கேதான் ஒரு விந்தை. சிறப்புக் கருவியோ டிகோடரோ இல்லாமல் பெறக்கூடிய அயல்நாட்டு அலைவரிசைகளுக்கு அந்நெறிகள் பொருந்தா என்று அதே சட்டம் விலக்களித்திருந்தது! எந்த அலை வந்ததால் சட்டம் பிறந்ததோ அதற்கே விலக்கு. கேபிள்காரர் தாமே போடும் திரைப்படத்துக்கு நெறி உண்டு; வானிலிருந்து இறங்குவதற்கு இல்லை.

2000-இல் ஒரு திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. நல்லதே. ஆனால் அயலார் நிகழ்ச்சிக்கும் கேபிள்காரரே பொறுப்பாளி ஆனார். என் சித்தப்பா எங்கள் ஊரில் கம்பி இழுத்தவர். ஏணிமேல் நிற்பவருக்கு அடுத்த அரைமணியில் ஹாங்காங்கில் என்ன ஓடும் என்று எப்படித் தெரியும்? அனுப்பியவர் எட்டாத தொலைவில் இருக்க, கம்பி கட்டியவர் சிறைக்கு அஞ்சுவது எனக்கு நீதியாகப் படவில்லை. 2005-இல் வந்த நெறிமுறைகள்தாம் சரியான ஆளைத் தேடின. அயல்நாட்டு அலைவரிசையை இங்கே இறக்க வேண்டுமானால், இந்தியாவில் பதிவான நிறுவனம் ஒன்று அரசின் அனுமதி பெற்றாக வேண்டும். சிறைத் தண்டனை நீங்க 2023 வரை ஆயிற்று. எச்சரிக்கை, கண்டனம், பண அபராதம் என்பவை அதன் இடத்துக்கு வந்தன.

இடையில் நடந்த ஒன்றையும் இயற்பியல் மாணவன் என்ற முறையில் சொல்லாமல் விட மனமில்லை. அதிர்வெண் உயர்ந்தால் கிண்ணம் சிறுக்கும். கிண்ணம் சிறுத்தால் வீட்டுக்கு வீடு வைக்கலாம்; கேபிள்காரர் தேவையில்லை; சட்டத்துக்குப் பிடியும் இல்லை. 1997-இல் அரசு என்ன செய்தது தெரியுமா? 4,800 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளில் தொலைக்காட்சியைப் பெறுவதையே தடை செய்தது. நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்ற கேள்வியே இல்லை, அதிர்வெண்ணுக்குத்தான் தடை! 2000-இன் இறுதியில்தான் வீட்டு நேரடி ஒளிபரப்புக்கு இசைவு கிடைத்தது. அப்போதும் உரிமம் பெற்ற நிறுவனமே நடத்தலாம் என்றார்கள். சட்டத்துக்கு மீண்டும் ஓர் ஆள் அகப்பட்டார்.