கம்பாட்டிபிளா, ஒரிஜினலா? முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

வீட்டுப் பிரிண்டருக்கு ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் வாங்கலாமா, வேறு நிறுவனத்தின் விலை குறைந்த கம்பாட்டிபிள் போதுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் பிரிண்டரில் ஹெட் எங்கே இருக்கிறது? மையைத் துளித்துளியாகத் தாளில் தெளிக்கும் பகுதிக்குத்தான் பிரிண்ட் ஹெட் என்று பெயர். அது கார்ட்ரிட்ஜிலேயே இருந்தால் ஒரு பதில், மெஷினுக்குள் இருந்தால் வேறு பதில். விலையும் பிராண்டும் அதற்குப் பிறகு.

பிரிண்டரை ஆன் செய்து மூடியைத் திறந்தால் கார்ட்ரிட்ஜ்கள் கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்ந்து வரும். ஒன்றைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மிக நுண்ணிய துளைகள் கொண்ட சின்ன உலோகத் தகடும், பின்பக்கம் செம்பு நிறப் புள்ளிகளும் தெரிந்தால் ஹெட் அதிலேயே இருக்கிறது. எச்பி டெஸ்க்ஜெட்டில் போடும் 680, 682, 803, கேனன் பிக்ஸ்மாவில் போடும் 745, 746 எல்லாம் இந்த ரகம். எப்சன், பிரதர் பிரிண்டர்களில் ஹெட் மெஷினோடு நிரந்தரமாக இருக்கிறது. நாம் மாற்றுவது மையை மட்டும்.

ஹெட் கார்ட்ரிட்ஜில் இருந்தால்

இங்கே துணிந்து கம்பாட்டிபிள் வாங்கலாம். மை சரியில்லாமல் துளை அடைத்தாலும் போவது அந்த ஒரு கார்ட்ரிட்ஜ்தான், பிரிண்டர் அல்ல. இந்த ரகத்தில் கம்பாட்டிபிள் என்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பயன்படுத்திய ஒரிஜினல் கூட்டைச் சுத்தம் செய்து மீண்டும் மை நிரப்பியவை. ஹெட்டைப் புதிதாகச் செய்வது எளிதல்ல என்பதால் அப்படி. ஆகவே, உங்களிடம் உள்ள கூட்டையே நம்பிக்கையான ரீஃபில் கடையில் கொடுத்து நிரப்புவதும் கிட்டத்தட்ட இதே விஷயம்தான், செலவும் குறைவு.

ஒரே நிபந்தனை, மை முழுக்க வற்றும்வரை ஓட்டக் கூடாது. இந்த ஹெட்டுகள் மையை நொடியின் நுண்ணிய பங்கில் சூடாக்கி, எழும் குமிழியால் துளியை வெளியே தள்ளுகின்றன. அந்தச் சூட்டைத் தணிப்பதும் மைதான். மை இல்லாமல் ஓடினால் உள்ளே உள்ள சூடேற்றிகள் கருகிப்போகும். பிறகு எவ்வளவு நிரப்பினாலும் பயனில்லை. ரீஃபில் செய்த பிறகு மை அளவைப் பிரிண்டர் சரியாகக் காட்டாது. எழுத்து வெளுக்கத் தொடங்கியதுமே நிறுத்தி, ரீஃபிலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

முதல் முறை கறுப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்று நிறமும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் கலர் கார்ட்ரிட்ஜை நிரப்பும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் வாய்ப்பு அதிகம். கலர் உங்களுக்கு முக்கியம் என்றால் அதை மட்டும் ஒரிஜினலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஹெட் மெஷினில் இருந்தால்

இங்கே நான் ஒரிஜினல் பக்கம்தான். ஹெட் அடைத்தால் அதை மாற்றும் செலவைக் கேட்டுவிட்டுப் புதுப் பிரிண்டரே வாங்கிவிடுபவர்கள் நிறைய. தவிர, பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் பிரிண்டர்களில் மிச்சம் பிடிக்கவே பெரிதாக ஒன்றும் இல்லை. எப்சன் எல் 3110, எல் 3210 போன்றவற்றுக்கான 003 கறுப்பு பாட்டில் 65 மி.லி.; அதில் சுமார் 4,500 பக்கம் என்று நிறுவனம் சொல்கிறது. கணக்குக்காக விலை 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 10 பைசா. இதே கணக்கில், 480 பக்கம் தரும் எச்பி 682 கறுப்புக்கு 960 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு 2 ரூபாய். மலிவு மை தேடவேண்டிய அவசியம் இரண்டாமவருக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு, பெட்டியில் உள்ள பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கை, தொடர்ந்து அச்சிடுவதை வைத்துக் கணக்கிட்டது. விட்டுவிட்டு அச்சிடும் வீட்டில் ஹெட்டைச் சுத்தம் செய்வதிலேயே மை போவதால் பக்கம் குறையும்.

டேங்க்கில் வேறு மை ஊற்றியே ஆகவேண்டும் என்றால் மையின் வகையைப் பாருங்கள். டை என்பது நீரில் கரைந்த சாயம். பிக்மென்ட் என்பது நுண்துகள் மிதக்கும் மை. 003 நான்கு நிறமும் டை. அதில் பிக்மென்ட் ஊற்றினால் ஹெட்டுக்கு ஆபத்து. எச்பி 680, 682 கறுப்போ பிக்மென்ட். கடைக்காரர் அதில் டை நிரப்பித் தந்தால் அச்சு ஓடும், ஆனால் ஈரம் பட்டால் எழுத்து கலையும். தபாலில் போகும் விண்ணப்பத்துக்கு அது ஆகாது. அச்சிட்டுக் காய்ந்த எழுத்தை ஈர விரலால் தேய்த்தால் தெரிந்துவிடும்.

வாங்கும் முன் சிப் விஷயத்தைக் கவனியுங்கள். 2016 செப்டம்பரில் எச்பியின் சில ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் வேறு நிறுவன கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன, கார்ட்ரிட்ஜில் உள்ள சிப்பைச் சோதிக்கும் ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்தான் காரணம். காசு கொடுத்து வாங்கிய பிரிண்டரில் எந்த மை போடுவது என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படித் தடுக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. எச்பியின் சொந்த சிப் உள்ள பழைய கூட்டை நிரப்பிப் போட்டால் இந்தத் தடை வராது என்று அந்நிறுவனமே சொல்கிறது. எச்பி பிளஸ் திட்டத்தில் சேர்ந்த பிரிண்டருக்கு மட்டும் ஒரிஜினலைத் தவிர வழியில்லை. புதுப் பிரிண்டரை அமைக்கும்போது அந்தத் திட்டத்துக்குச் சம்மதம் தருவதற்கு முன் யோசியுங்கள்.

உத்தரவாதக் காலத்தில் கம்பாட்டிபிள் போட்டாலே வாரண்டி போய்விடும் என்பது பொதுவான பயம். எச்பியின் உத்தரவாத விதியில் அப்படி இல்லை. அந்த மையால்தான் பழுது வந்தது என்று தெரிந்தால் மட்டும் கட்டணம் கேட்பார்கள். மற்ற நிறுவனங்களுக்கு வாரண்டி அட்டையைப் படித்துவிடுங்கள்.

கடையில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நேர்மையான கம்பாட்டிபிள் தன் சொந்தப் பெயரில் வரும். எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். பிரிண்டர் நிறுவனத்தின் பெயரிலேயே பெட்டி இருந்து விலை பாதியாக இருந்தால் அது டூப்ளிகேட். அதைத் தொடாதீர்கள். எதை எடுத்தாலும் பில் வாங்குங்கள்.

போட்ட உடனே நாசில் செக் (ஹெட்டின் துளைகளைச் சோதிக்கும் கோட்டுத் தாள்) எடுங்கள். கோடுகள் விட்டுப்போயிருந்தால் ஒருமுறை கிளீனிங் ஓட்டி மறுபடி எடுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் மேலும் கிளீனிங் ஓட்டி மையை வீணாக்காமல், அந்தத் தாளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அன்றே கடைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.